ஏழாவது சிமிட்டல்

பின்பால் எந்திரம் ஒரு சாய்வு மேசை. மேலே கண்ணாடி மூடியிருக்கும், உள்ளே ஓர் எஃகுக் குண்டு உருளும். அது அடியில் உள்ள பள்ளத்தில் விழாதபடி, மேசையின் இரு பக்கப் பொத்தான்களைத் தட்டி, ஃபிளிப்பர் என்கிற சின்ன மட்டைகளால் மேலே விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குண்டு எதை இடிக்கிறதோ அதற்கேற்ப மணி அடிக்கும், விளக்கு எரியும், ஸ்கோர் ஏறும். இந்தக் கணக்கையெல்லாம் 1970களின் நடுப்பகுதி வரை ரிலேக்களும் எண் உருளைகளும் பார்த்துக்கொண்டன. பிறகு சிப்கள் வந்தன. சிகாகோவிலும் அதைச் சுற்றியும் இயங்கிய பாலி, வில்லியம்ஸ், காட்லீப் ஆகிய மூன்று பெரிய கம்பெனிகளும் 1977 வாக்கில் மைக்ரோபிராசசருக்கு மாறத் தொடங்கின. அந்த ஆண்டு வந்த பாலியின் எய்ட் பால் மாடலில் 20,230 எந்திரங்கள் தயாராயின. 1992இல் வந்த தி ஆடம்ஸ் ஃபேமிலி 20,270ஐத் தொடும் வரை அந்த எண்ணிக்கையை யாரும் தாண்டவில்லை.

அந்தக் கால எந்திரங்கள் இன்றும் ஆடப்படுகின்றன. ரப்பர் வளையம் புதிதாகக் கிடைக்கிறது, காயில் எரிந்தால் மாற்றலாம், மரப்பெட்டியைத் தச்சரிடம் கொடுத்துச் சரிசெய்யலாம். ஸ்கோர் காட்டும் தலைப்பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகள்தான் கையைக் கட்டிப்போடுகின்றன. செய்த கம்பெனிகள் பின்பால் தொழிலை விட்டுப் போய்விட்டன: காட்லீப் 1996இல், வில்லியம்ஸ் 1999இல். பாலியின் பின்பால் பிரிவு 1988இலேயே வில்லியம்ஸிடம் போய்விட்டது. எனவே மாற்றுப் பலகை வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து புதிதாக வடிவமைத்தாக வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறு நிறுவனங்களும் தனி ஆட்களும் அதைச் செய்துவருகிறார்கள். அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே சறுக்கும் என்பதைப் பாலியின் ஏஎஸ்-2518-35 என்ற பலகையை முன்வைத்துச் சொல்கிறேன். அது எந்திரத்தின் மையப் பலகை, எம்பியூ என்பார்கள். அதற்கு மூத்தது -17. ஸ்டெர்ன் கம்பெனியும் ஏறக்குறைய இதே அமைப்பையே கையாண்டதால், ஒரே மாற்றுப் பலகையை இரு கம்பெனி எந்திரங்களுக்கும் பொருந்தச் செய்ய முடிகிறது.

முதலில், பழைய பலகை ஏன் சாகிறது? பெரும்பாலும் பேட்டரியால். பலகையின் கீழ் மூலையில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். ஆண்டுகள் போனதும் அது கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடும் காரம். செப்பு டிராக்குகளின் மேலிருக்கும் பச்சைப் பூச்சுக்கு அடியில் புகுந்து பரவும், சாக்கெட்டுகளின் உள்ளே ஏறும், கனெக்டர் பின்களைக் கருக்கும். அந்த இடத்தில் சால்டர் ஒட்டாது. வினிகரால் துடைத்துக் காரத்தை முறித்து, கழுவி, கருத்த செம்பைச் சுரண்டி, டிராக் அறுந்த இடங்களில் கம்பி ஓட்டிப் பிழைக்க வைத்த பலகைகள் நிறைய உண்டு. ஆனால் பாலி பலகையில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ரீசெட் சர்க்யூட்டை வைத்திருக்கிறார்கள். மின்சாரம் சீரான பிறகே பிராசசரை ஓடவிடும் பகுதி அது. எந்திரம் உயிர்பெறத் தேவையான முதல் பகுதியே முதலில் அரிக்கப்படுகிறது.

இவ்வளவு நாசம் செய்யும் அந்த பேட்டரி எதைக் காத்து நிற்கிறது தெரியுமா? அதிகபட்ச ஸ்கோர், இலவச ஆட்டம் கிடைக்கும் ஸ்கோர் எல்லைகள், காசுக் கணக்கு, இதுபோன்ற சில. ஒரு காசுக்கு எத்தனை ஆட்டம் என்பது போன்ற அமைப்புகளெல்லாம் பலகையிலேயே உள்ள 32 சிறு சுவிட்சுகளில் இருக்கின்றன. அவற்றுக்கு பேட்டரி தேவையே இல்லை. ஆகவே புதிய பலகையில் பேட்டரி இருக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. மின்சாரம் போனாலும் நினைவு போகாத எஃப்ராம் வகை மெமரி இன்று சாதாரணமாகக் கிடைக்கிறது.

வடிவமைப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டால் பலர் பிராசசரைச் சொல்வார்கள். என் கணிப்பில் அது வயர் கட்டிலிருந்து தொடங்க வேண்டும். தலைப்பெட்டிக்குள் வரும் நூற்றுக்கு மேற்பட்ட வயர்களும் அவற்றின் முனையில் உள்ள கனெக்டர்களும் 45 ஆண்டுகளாக அதே இடத்தில் இருக்கின்றன. அவற்றை வெட்டாமல், நீட்டாமல், ஒரு வயரைக்கூட இடம் மாற்றாமல் புதிய பலகை போய் உட்கார வேண்டும். -35 பலகையில் ஆட்டம் நடக்கத் தேவையான கனெக்டர்கள் நான்கு. விளக்குகளுக்கும் எண்பலகைகளுக்கும், ஆடுதள சுவிட்சுகளுக்கும், பெட்டி சுவிட்சுகளுக்கும், மின்சாரத்துக்கும் சோலனாய்டுகளுக்கும் என்று. ஐந்தாவது சோதனைக்கு. மையப் பலகையில் பின்களுக்கிடையே 2.54 மில்லிமீட்டர், அதிக மின்னோட்டம் ஓடும் மற்ற பலகைகளில் 3.96. ஒவ்வொரு கனெக்டரிலும் ஒரு பின் வேண்டுமென்றே இருக்காது. அந்த ஓட்டையில் ஒரு முளை அடைத்திருப்பதால் தவறான கனெக்டரைத் தவறான இடத்தில் செருக முடியாது. படம் வரையும்போது இந்த இல்லாத பின்னை மறந்து முழு வரிசையையும் பொருத்தியவரின் பலகை பழைய கனெக்டருக்குள் ஏறவே ஏறாது. அதைவிட மோசம், உரிமையாளர் முளையைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் செருகுவது. அடுத்த முறை 43 வோல்ட் போக வேண்டிய வழி தெரியாமல் 5 வோல்ட் சிப்புக்குள் போகும்.

திருகு ஓட்டைகளை அளவுகோலால் அளந்து திருப்திப்படக் கூடாது. வெர்னியர் கொண்டு அளந்து, ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்சிட்டு, அந்தத் தாளையே தலைப்பெட்டியில் பொருத்திப் பார்க்க வேண்டும். கதவு மூடும்போது உயரமான கெபாசிட்டர் எதிலாவது இடிக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியவரும். மின் வரைபடம் கிடைப்பது கடினமில்லை. அந்நாளில் எந்திரத்தோடு வரைபடத்தையும் மடித்துவைத்தே அனுப்பினார்கள். வரைபடத்தில் இல்லாதவைதான் ஆளைத் தேடவைக்கும்.

அவற்றில் முக்கியமானது, எந்திரத்தைப் போட்ட முதல் நொடி.

பாலி எந்திரத்தில் குண்டைத் தட்டும் சோலனாய்டுகளுக்கு 43 வோல்ட் டிசி போகிறது. ஒரு காயிலின் மின்தடை 10 ஓம் என்று வைத்தால் 4 ஆம்பியருக்கு மேல் ஓடும்; அதாவது 180 வாட்டைத் தாண்டும். ஒரு நொடியில் சிறு பகுதி நேரம் தட்டிவிட்டு ஓய்வெடுப்பதற்காகச் சுற்றிய காயில் அது. டிரான்சிஸ்டர் மூடாமல் நின்றால் சீக்கிரமே புகையும். ஓடும் புரோகிராம் அப்படி நடக்க விடாது. ஆனால் புரோகிராம் இன்னும் ஓடத் தொடங்காத அந்தக் கணத்தில் யார் பொறுப்பு?

பாலியின் பொறியாளர்கள் இதற்குச் செய்த ஏற்பாடு அழகானது. எந்தச் சோலனாய்டு என்பதை மையப் பலகை நான்கே வயர்களில் சொல்கிறது. சோலனாய்டு பலகையில் உள்ள 74எல்154 என்ற சிப் அந்த நான்கைப் பதினாறாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இயக்குகிறது. பதினாறில் பதினைந்துக்குத்தான் சோலனாய்டு உண்டு. கடைசி வெளியீட்டில் எதுவும் இணைக்கப்படவில்லை. நான்கு வயர்களும் உயர்நிலையில் இருந்தால் தேர்வாவது அந்த வெற்று வெளியீடுதான். மையப் பலகையில் வெளியுலகத்தோடு பேசும் 6821 சிப்போ, ரீசெட் ஆனவுடன் தன் வயர்கள் எல்லாவற்றையும் உள்ளீடாக மாற்றிக்கொள்ளும். அதாவது எதையும் இழுக்காமல் கைவிட்டுவிடும். அப்போது அந்த வயர்கள் உயர்நிலைக்குப் போய் நிற்கின்றன. பிராசசர் செத்துக் கிடந்தாலும் சோலனாய்டு எதுவும் இழுக்காது.

புதிய வடிவமைப்பாளர் 6821க்குப் பதிலாக, உள் இணைப்புகளை நாமே அமைத்துக்கொள்ளும் எஃப்பிஜிஏ சிப்போ மைக்ரோகன்ட்ரோலரோ வைக்கிறார். அது விழித்துத் தன் புரோகிராமை ஏற்றிக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் அதன் கால்கள் எந்த நிலையில் நிற்கும்? கீழ்நிலையில் நின்றால் நான்கு வயர்களும் பூஜ்யம். பூஜ்யமும் ஒரு சோலனாய்டின் எண்தான். இதை யோசிக்காத பலகை மேசையில் வைத்துச் சோதிக்கும்போது எந்தக் குறையும் காட்டாது. எந்திரத்தில் போட்ட அன்று காயிலைச் சுடவைக்கும். வில்லியம்ஸ் வேறு வழியில் போனது. பிளாங்கிங் என்ற ஒரு சர்க்யூட், புரோகிராம் உயிரோடு துடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகே டிரைவர்களைத் திறந்துவிடும். துடிப்பு நின்றால் எல்லாவற்றையும் அணைக்கும். எந்தக் கம்பெனி எந்திரத்துக்குப் பலகை செய்தாலும் இந்த இரண்டு ஏற்பாடுகளில் ஒன்றாவது உள்ளே இருக்க வேண்டும் என்பேன். இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது வேகம். பழைய பிராசசர் மோட்டரோலா 6800. ஒரு மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவான வேகத்தில் ஓடுகிறது. இன்றைய சிப் அதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும் என்பதால் ஓடவிட்டுவிடலாமா? கூடாது. ஆடுதளச் சுவிட்சுகளை வரிசை வரிசையாகத்தான் படிக்கிறார்கள். ஒரு வரிசைக்கு மின்சாரம் கொடுத்து, நீளமான வயர்களில் அது நிலைகொள்ளக் கொஞ்சம் பொறுத்து, பிறகு படிப்பார்கள். அந்தப் பொறுமையைப் புரோகிராம் தன் கட்டளைகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தாலேயே அளக்கிறது. பிராசசர் வேகம் கூடினால் பொறுக்கும் நேரம் சுருங்கும், மூடாத சுவிட்ச் மூடியதாகத் தெரியும். கச்சேரி நடுவில் மிருதங்கக்காரர் மாறி உட்கார்ந்தால் அவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் காலப்பிரமாணத்தில்தான் வாசித்தாக வேண்டும். புதிய பலகைக்கும் அதே கதிதான். போதாக்குறைக்கு, எந்திரம் வீட்டு மின்சாரத்தின் அலையையும் எண்ணிக்கொண்டிருக்கிறது. அலை பூஜ்யத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், அமெரிக்காவில் நொடிக்கு 120 தடவை, 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 100 தடவை, பிராசசருக்கு ஒரு குறுக்கீடு போகும். விளக்குகளைப் புதுப்பிக்கும் நேரம் அது.

மெமரியிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. பழைய 5101 சிப் நான்கு பிட் அகலம். பிராசசர் படிப்பதோ எட்டு பிட். மிச்ச நான்கு பிட் பழைய பலகையில் எப்படிப் படிக்கப்பட்டதோ அப்படியே புதியதிலும் படிக்கப்பட வேண்டும். இணையான வயர்களோடு வரும் எஃப்ராமுக்கு வேறொரு பழக்கம். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதன் தேர்வுக் கால் ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தால்தான் புதிய முகவரியை எடுத்துக்கொள்ளும். பழைய சிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாக்கெட்டில் பொருந்துகிறதே என்று அப்படியே செருகினால், சில நேரம் சரியாகவும் சில நேரம் பைத்தியம் பிடித்தது போலவும் நடந்துகொள்ளும். மின்சாரம் இறங்கும் கடைசி மில்லிநொடிகளில் குப்பையை எழுதிவிடாமல் தடுக்க, ரீசெட் சர்க்யூட் இருந்த இடத்தில் மூன்று கால் கொண்ட ஒரு வோல்டேஜ் கண்காணிப்புச் சிப்பை வைத்தால் போதும். அரிக்கப்பட்டு நாசமான அந்த மூலையில் இருந்த டிரான்சிஸ்டர், ஜீனர், ரெசிஸ்டர் கூட்டமெல்லாம் அந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

வோல்டேஜ் பொருத்தம் இன்னொன்று. எஃப்பிஜிஏ 3.3 வோல்ட்டில் பேசும். டிடிஎல் சிப்கள் அதை உயர்நிலை என்று ஏற்றுக்கொள்ளும். ஆனால் பாலியின் விளக்குப் பலகையில் உள்ள 14514 சிப்கள் சிமாஸ் வகை. 5 வோல்ட்டில் ஓடும்போது அவற்றுக்கு 3.5 வோல்ட்டாவது வேண்டும். 3.3க்கும் 3.5க்கும் இடையிலுள்ள இந்தச் சின்ன இடைவெளியில் விழுந்த பலகை குளிர்ந்த அறையில் ஒரு மாதிரியும் சூடேறியபின் வேறு மாதிரியும் நடக்கலாம். நடுவில் 5 வோல்ட் எச்சிடி வகை பஃபர் ஒன்றை வைத்தால் தீர்ந்தது.

அந்த விளக்குப் பலகையே தனியாகப் பேச வேண்டியது. அதில் எஸ்சிஆர் என்ற மின் சுவிட்சுகள் 60 இருக்கின்றன, கட்டுப்படுத்தும் விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எஸ்சிஆரைத் தூண்டிவிட்டால், மின்னோட்டம் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும். அலை பூஜ்யத்தைத் தொடும்போது தானாக அணையும். மறு அலையில் பிராசசர் மறுபடி தூண்டும். பழைய இழை பல்புக்கு இது கச்சிதமான ஏற்பாடு. இப்போது எல்லோரும் எல்இடிக்கு மாறுகிறார்கள். எல்இடி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு; எஸ்சிஆர் பிடித்து நிற்கத் தேவையான அளவுகூட இல்லை. விளக்கு படபடவென நடுங்கும். பல்புக்குக் குறுக்கே ரெசிஸ்டர் வைத்துச் சமாளிக்கலாம். புதிய விளக்குப் பலகை செய்பவருக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது: எஸ்சிஆரை விட்டுவிட்டு மாஸ்ஃபெட் வைத்து, அந்த நிலையைப் பிடித்துவைக்கும் வேலையைப் பலகையே செய்வது. பழையதை அப்படியே நகலெடுக்காமல் மாற்றுவது நியாயமாகும் இடம் இது. புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியாது, ஆடுபவர் கண்ணுக்கு நல்லதாகவே தெரியும்.

சோலனாய்டு பலகையில் எனக்குப் பிடிவாதமான கருத்து ஒன்று உண்டு. அங்கே டிரான்சிஸ்டர்கள் பலகையைத் துளைத்துப் பொருத்தும் பெரிய வகையாகவே இருக்கட்டும். டிஐபி102 போன்றவை எளிதில் கிடைக்கின்றன, சாதாரண சால்டரிங் அயர்ன் போதும். காயிலின் குறுக்கே உள்ள டயோடு என்றைக்காவது அறுந்து டிரான்சிஸ்டர் சாகத்தான் போகிறது. அதை மாற்றுபவர் வடிவமைத்தவர் அல்ல. எங்கோ ஓர் ஊரில் சனிக்கிழமை இரவு எந்திரத்தைத் திறந்து உட்கார்ந்திருப்பவர். அவருக்காகச் செப்பு டிராக்கை அகலமாகவும் 70 மைக்ரான் தடிப்பிலும் போட வேண்டும். எந்தப் பின் எந்தச் சோலனாய்டு என்று பலகையிலேயே அச்சிட வேண்டும். தரை இணைப்புகளைக் கனெக்டர்களை நம்பி விடாமல் பலகைக்குள்ளேயே ஒன்றாகக் கட்ட வேண்டும். பழைய பாலி பலகையில் பழுது பார்ப்பவர்கள் கையால் கம்பி ஓட்டிச் செய்துவந்த திருத்தமே அதுதான். வில்லியம்ஸின் ஆரம்ப எந்திரங்களில் மையப் பலகைக்கும் டிரைவர் பலகைக்கும் நடுவே 40 பின் கனெக்டர் ஒன்று உண்டு. தளர்ந்து தளர்ந்து தொல்லை தருவது. இரண்டையும் ஒரே பலகையாகச் செய்தவர்கள் அந்தத் தொல்லையை அடியோடு நீக்கிவிட்டார்கள்.

காட்லீபின் சிஸ்டம் 1 எந்திரங்கள் வேறு ரகம். அவற்றில் இருப்பது ராக்வெல் செய்த பிபிஎஸ்-4 குடும்பச் சிப்கள், காட்லீபின் பொதுப் புரோகிராமையும் தமக்குள்ளேயே வைத்திருப்பவை. செத்தால் வாங்க முடியாது. அங்கே பழுது பார்ப்பதைவிட மாற்றுவதே வழி. நி-வும்ப் என்ற பெயரில் வந்த பலகைகள் புதிதாக எழுதிய புரோகிராமோடு அந்த இடத்தை நிரப்பின. லிசி என்ற திட்டம், லினக்ஸ் ஓடும் ராஸ்பெர்ரி பையில் பின்மேம் என்ற எமுலேட்டரை வைத்துப் பழைய புரோகிராமையே ஓட்டுகிறது.

புரோகிராம் யாருடையது என்ற கேள்வியைத் தாண்டிப்போகக் கூடாது. பலகையை நீங்கள் வரையலாம். ஆட்டத்தின் விதிகளை எழுதிய ரோம் வேறொருவர் சொத்து. கம்பெனி மூடியதால் உரிமை மறைந்துவிடாது. உரிமம் பெற்றோ, அல்லது ரோம் இல்லாமல் பலகையை மட்டும் விற்று, எந்திரத்தில் ஏற்கெனவே உள்ள ரோமைச் செருகச் சாக்கெட் கொடுத்தோ செய்வதே முறை.

இனி தலைப்பில் சொன்ன அந்தச் சிமிட்டல். பாலி மையப் பலகையில் ஒரே ஒரு எல்இடி உண்டு. சுவிட்சைப் போட்டதும் ஒரு கணம் மினுங்கும். பிறகு ஏழு முறை சிமிட்டும். முதல் சிமிட்டலுக்கு ரோம்கள் சரி. இரண்டாவதற்கு 6810 மெமரி, மூன்றாவதற்கு 5101. நான்கும் ஐந்தும் இரண்டு 6821கள். ஆறாவது 555 டைமர். ஏழாவது வர வேண்டுமென்றால் 43 வோல்ட் வந்திருக்க வேண்டும். ஆறோடு நின்றால் பெரும்பாலும் பலகைமேல் குற்றமில்லை. சோலனாய்டு ஃபியூஸ் போயிருக்கும். உலகெங்கும் பழுது பார்ப்பவர்கள் இந்த எண்ணிக்கையை வைத்தே நோயைச் சொல்கிறார்கள். பத்து எல்இடியும் சின்னத் திரையும் வைக்க இடமிருந்தாலும் இந்தச் சிமிட்டலைப் புதிய பலகை காப்பாற்ற வேண்டும். 43 வோல்ட் வராதபோதும் கவலைப்படாமல் ஆட்டத்தைத் தொடங்கிவிடும் பலகை, உண்மையான பழுதை மறைத்துவிடும்.

வாங்கிய பலகையைப் பொருத்தும்போது எல்லாக் கனெக்டரையும் ஒரே மூச்சில் செருகிவிடாதீர்கள். முதலில் பலகை இல்லாமல் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மீட்டரால் பாருங்கள். சோலனாய்டு பலகையில் உள்ள 11,700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வயதாகித் தளர்ந்திருந்தால் புதிய பலகையும் பழையதைப் போலவே தடுமாறும். பிறகு மின்சாரக் கனெக்டரை மட்டும் செருகி, சோலனாய்டு ஃபியூஸைக் கழற்றிவைத்துச் சிமிட்டலை எண்ணுங்கள். ஆறு வந்தால் அணைத்து, ஃபியூஸைப் போட்டு ஏழைப் பாருங்கள். மற்றவை ஒன்றொன்றாக, ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை அணைத்த பிறகு.

கழற்றிய பழைய பலகையைக் குப்பையில் போட வேண்டாம். பேட்டரியைக் கத்தரித்து எடுத்துவிட்டு, கசிவைத் துடைத்து உலர்த்தி, எந்திரத்தின் அடிப்பெட்டியில் வைத்திருங்கள். அதிலுள்ள 6800, 6821 சிப்கள் நல்ல நிலையில் இருந்தால், பழைய பலகையையே ஓட்டிக்கொண்டிருக்கும் வேறொரு எந்திரத்துக்குத் தேவைப்படும். அவற்றைப் புதிதாகச் செய்வாரில்லை. புதிது என்று சொல்லி வருபவற்றில் பழையதைச் சுரண்டி வேறு எண் அச்சிட்டவையும் கலந்திருக்கின்றன.